ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்

நவம்பர் 9, ஞாயிறு

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பெனிட்டாவுக்கு நாலு மாதம்.

நாலு மாதம்! பெற்றவளுக்கு இன்றைக்குத்தான் சொல்கிறாள். மாமியார் லீலாபாய்க்கு முதல் மாதமே தெரியுமாம். கூடவே இருப்பவள், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாளாம். நானும்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த முகத்தைப் போனில் பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே.

"கொஞ்சம் நிக்கட்டும்னு பாத்தேன்மா. நீ அங்க ஒத்தைல கெடந்து தவிப்பியேன்னுதான்" என்றாள்.

"தவிக்கியதுக்குத்தானே மக்களே அம்மா" என்று கத்திவிட்டு, பிறகு அழுதேன். அவளும் அழுதாள். மருமகன் ஷிபின் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். அதில் பேச்சுக்கே இடமில்லை. நாகர்கோவிலில் வெட்டூர்ணிமடத்து வீட்டை அவள் கல்யாணத்துக்கும் என் விசாவுக்குமாக விற்றாயிற்று. அதனால் என்ன? நான் எங்கே இருக்கிறேனோ அதுதான் அவளுக்குத் தாய்வீடு. நான் இங்கிலாந்தில், கொவென்ட்ரியில் இருக்கிறேன். பிள்ளை இங்கே வரட்டும். அவள் கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் விமானம் ஏறியவள் நான். மூன்று வருடமாக அவள் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தது கிடையாது.

நவம்பர் 16, ஞாயிறு

காலை ஷிப்ட். சபைக்குப் போக முடியவில்லை. முதியோர் இல்லத்தில் பார்க்கர் ஐயா கஞ்சியைத் துப்பித் துப்பி என் ஏப்ரனை நனைத்தார். "இன்றைக்குச் செவ்வாயா?" என்றார். எந்தக் கிழமையிலும் இதே கேள்விதான். ஆமாம் ஐயா, செவ்வாய் என்றேன். சந்தோஷமாக இரண்டு வாய் சாப்பிட்டார்.

மாலை போன் போட்டால் லீலாபாய் எடுத்தாள். "சம்பந்தி, இங்க அரசாஸ்பத்திரில காட்டியாச்சு. அட்டை போட்டு, ஊசியும் போட்டாச்சு. பெரிய டாக்டரம்மா நல்லா பாக்கியாவ" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அரசாஸ்பத்திரியா? எனக்க பிள்ள என்ன நாதியத்தவளா? நான் இங்க அழைச்சுக்கிடுதேன். போன வருசம் எனக்குப் பித்தப்பைல கல்லு எடுத்தாவ. ஒரு பைசா வாங்கல, தெரியுமா? ஆளுக்கொரு கட்டில், கட்டிலுக்கொரு திரை."

"அது உங்களுக்கு வாங்கியிருக்க மாட்டாவ. அவ அங்க உள்ளவ இல்லியே" என்றாள்.

"எனக்க வீட்டுக்கு வந்தா எனக்க பிள்ளைதானே? எனக்குள்ளது அவளுக்கும்தான்."

லீலாபாய் போனைப் பெனிட்டாவிடம் கொடுத்துவிட்டாள். சண்டைக்கு வராதவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

நவம்பர் 22, சனி

பழைய சாமான் விற்கிற தர்மக் கடையில் ஒரு தொட்டில்கட்டில் வாங்கினேன். வெள்ளை மரம், ஒரு காலில் மட்டும் சின்னக் கீறல். கூட வேலை செய்கிற ஷைனி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துத் தூக்கி வந்தோம். அவள் மலையாளி, கொல்லத்துக்காரி, எனக்கு அடுத்த அறை. தொட்டிலைப் போட்டபிறகு என் அறைக்கதவு பாதிதான் திறக்கிறது. ஒருக்களித்து நுழைந்துகொள்ளலாம், மோசமில்லை.

பெனிட்டாவிடம் வீடியோவில் காட்டினேன். நான் எப்போதும் ஜன்னல் பக்கமாகத்தான் உட்கார்ந்து பேசுவேன். அங்கே திரைச்சீலை அழகாக விழும். மற்ற மூன்று அறைகளிலும் வேறு ஆட்கள் இருப்பதும், சமையலுக்கு முறை வைத்திருப்பதும் அவளுக்கு எதற்கு? வந்தபிறகு பார்த்துக்கொள்ளட்டும். ஒரு கட்டிலில் அம்மாவும் மகளும் படுத்தது கிடையாதா என்ன?

டிசம்பர் 2, செவ்வாய்

இன்றைக்கு நிஜமாகவே செவ்வாய். பார்க்கர் ஐயா கேட்கவில்லை.

ராத்திரிச் சோறு முடிந்து பாத்திரம் கழுவும்போது ஷைனி மெதுவாக ஆரம்பித்தாள். "சேச்சி, மோள் விசிட்டரா வந்நால் பிரசவத்துக்குப் பைசா கொடுக்கணும். சேச்சிக்குத் தெரியாமோ?"

தெரியும் என்றேன். எனக்குத் தெரியாது. இவளுக்கு எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு பேச்சு. பொறாமை என்றும் நினைத்தேன். அவளுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். மகள் பிரசவத்தைப் பற்றி அவளுக்கு என்ன கவலை?

டிசம்பர் 4, வியாழன்

லீவு போட்டு, எனக்கு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று தனி அலுவலகமே இருக்கிறது. நீலச் சட்டை போட்ட ஒரு பெண், வயது பெனிட்டாவைவிட இரண்டு மூன்று கூட இருக்கும். உட்காரச் சொல்லி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். மரியாதையான பெண்தான்.

நான் என் ஆங்கிலத்தை எல்லாம் திரட்டிச் சொன்னேன். நான் இங்கே வேலை பார்க்கிறேன், வரி கட்டுகிறேன், என் மகள் என் வீட்டில் பிள்ளை பெறப் போகிறாள்.

"உங்களுக்கு இங்கே எல்லாம் உண்டு. உங்கள் மகள் வழக்கமாக எங்கே வசிக்கிறார்?" என்று கேட்டாள்.

"அவள் என் மகள்."

"புரிகிறது. ஆனால் எங்கே வசிக்கிறார்?"

"அவளுக்கு அப்பா இல்லை. எனக்கு ஒரே மகள்."

அவள் பொறுமையாக மறுபடியும் அதையே கேட்டாள். அவளுக்கு வேண்டியது அந்த ஒரே பதில்தான். 'நாகர்கோவிலில், மாமியார் வீட்டில்' என்று என் வாயாலேயே சொன்னேன்.

"அப்படியானால் அவர் விசிட்டர்" என்றாள். பிரசவ வலியோடு வருகிற யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்களாம். நன்றாகப் பார்ப்பார்களாம். ஆனால் பிறகு பில் வரும். சிக்கலில்லாத பிரசவத்துக்கே என் நாலு மாதச் சம்பளத்துக்கு மேலே. ஆபரேஷன் என்றாலோ, பிள்ளையைத் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்றாலோ, அதற்குமேல் எவ்வளவு என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டால்? அதை வாங்குமுன் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள், பெரும்பாலும் சாதாரணப் பிரசவத்தை அதில் சேர்ப்பதில்லை என்றாள். விசாவுக்கு எழுதும்போதும் பிரசவத்துக்குத்தான் வருகிறாள், செலவை இப்படிக் கட்டுவோம் என்று உள்ளதைச் சொல்லிவிட வேண்டுமாம்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். இரண்டு பஸ் போனபிறகுதான் ஏறினேன். பத்து மாதம் சுமந்து பெற்ற மகளை விசிட்டர் என்கிறார்கள். கட்டிக்கொடுத்த பெண் விருந்தாளி என்று நம் ஊரிலும்தான் சொல்வார்கள். அப்போதெல்லாம் எனக்கு உறைத்ததில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

வேலைக்குப் போனேன். வந்தேன்.

டிசம்பர் 13, சனி

பணத்தைக் கட்டினால் போயிற்று. தவணையில் வாங்கிக்கொள்வார்களா என்று நீலச் சட்டைப் பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன், பேசிப் பார்க்கலாம் என்றாள். மேனேஜரிடம் சொல்லி இரவு ஷிப்டும் வாங்கிக்கொண்டேன். கால் வீங்குகிறது. ஏழு கழுதை வயசில் இதெல்லாம் தேவையா என்று ஷைனி திட்டுகிறாள். திட்டட்டும், தைலம் அவள்தான் தேய்த்துவிடுகிறாள். பொறாமை என்று எழுதியதை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

பெனிட்டாவிடம் பில்லைப் பற்றி மூச்சு விடவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

இரட்டைச் சம்பளம் என்பதால் பண்டிகையிலும் வேலை. மதிய இடைவேளையில் துணி துவைக்கிற அறையில் நின்று வீடியோ போட்டேன். பெனிட்டா வயிறு நன்றாகத் தெரிகிறது. முந்திரிக்கொத்து தின்றுகொண்டே பேசினாள். அவள் கடிக்கிற சத்தம் இங்கே கேட்டது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது, கண்ணிலும் தண்ணீர்.

போன் கொஞ்சம் கீழே சாய்ந்தது. லீலாபாய் தரையில் உட்கார்ந்து அவள் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"கால் வீங்கியிருக்கா?" என்றேன்.

"லேசாத்தான் சம்பந்தி. நான் பாத்துக்கிடுதேன், நீங்க வெசனப்படாண்டாம்" என்றாள்.

என் பிள்ளை காலைப் பிடிக்க இவள் யார்? இப்படி எழுதுவது பாவம். பண்டிகை நாளும் அதுவுமாக எழுதுகிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

அழைப்புக் கடிதம் தயார், விசாவுக்குப் போடுங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். பெனிட்டா முந்திக்கொண்டாள்.

"எம்மா, நான் வரல."

"என்னது?"

"அங்க எவ்வளவு ஆவும்னு இவரு பாத்தாரு. நீ ஏம்மா சொல்லல? ராத்திரியும் வேலைக்குப் போறியாமே? உன்கூட வேலை பாக்கிய ஷைனி ஆண்ட்டிட்ட நான்தான் மெசேஜ் போட்டுக் கேட்டேன்."

"அது எனக்க பாடு. உனக்கு என்னத்துக்கு? நான் கட்டுவேன்."

"எதுக்கு கட்டணும்? இங்க எனக்கு எல்லாம் சும்மா கெடைக்குது. நான் இங்கத்தவம்மா."

இங்கத்தவள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். அப்போ அம்மா வேண்டாம், மாமியார் போதும், அப்படித்தானே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் போனை முகத்துக்கு நெருக்கிப் பிடித்தாள். பிறகு சொன்னாள்:

"அது ஒத்த ரூமுன்னு எனக்குத் தெரியும்மா. எப்பவும் அந்த ஒரே ஜன்னல். ஒரு நாளு உனக்க பின்னால கதவத் தொறந்து ஒரு பொம்பள உப்பு கேட்டா. நான் வந்தா கட்டில எனக்குத் தந்துட்டு நீ கீழ படுப்ப. ரெண்டு வேலையும் பாத்துட்டு கீழ படுப்ப. எனக்குத் தெரியாதா உன்ன?"

நான்தான் போனை வைத்தேன். அந்தக் குளிரில் தெருக்கோடி வரைக்கும் செருப்போடு நடந்து போய்த் திரும்பினேன்.

ஜனவரி 12, திங்கள்

தொட்டில்கட்டிலைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கீழே வரை இறக்கினேன். மறுபடி மேலே ஏற்றிவிட்டேன். துணி போட உதவும்.

ஜனவரி 20, செவ்வாய்

பிள்ளை வரமாட்டாள் என்றால் தாய் போகவேண்டியதுதான். மேனேஜரிடம் ஏப்ரலில் ஒரு மாதம் கேட்டேன். ஆள் பற்றாக்குறை, இரண்டு வாரத்துக்குமேல் ஒரு நாள் கூடத் தரமுடியாது, அதுவும் தேதியை இப்போதே சொல்ல வேண்டும் என்றார். வேலையை விட்டால் விசா போகும். விசா போனால் கல்யாணக் கடனின் மிச்சத்தை யார் கட்டுவது?

இரண்டு வாரம் என்றால் இரண்டு வாரம். டாக்டர் குறித்த நாளை நடுவில் வைத்து டிக்கெட் போட்டேன். பிள்ளை முன்னே பின்னே வந்தால்? வராது. பாட்டிக்குக் கிடைத்திருக்கிற லீவைத் தெரிந்துதான் வரும்.

பெனிட்டாவிடம் சொன்னேன். "நெசமாவாம்மா?" என்று நாலு தடவை கேட்டாள். அவள் குரல் கல்யாணத்துக்கு முன்னே இருந்த மாதிரி இருந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று அவளுக்கு ஏழாம் மாதச் சடங்கு. தாய்வீட்டார் பலகாரமும் சோறும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தாய்வீட்டில் யார் இருக்கிறார்கள்? நான் ஒருத்தி, அதுவும் இங்கே பார்க்கர் ஐயாவுக்கு முதுகு தேய்த்துக்கொண்டு. பணம் அனுப்பியிருந்தேன், கடையில் வாங்கிக்கொள்ளட்டும் என்று.

ஷிபின் வீடியோவைப் போட்டு வாசலில் ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்தார். கொஞ்ச நேரம் வாசற்படி மட்டும்தான் தெரிந்தது. பிறகு பார்த்தால் லீலாபாயின் சொந்தத் தங்கை தலையில் ஓலைப்பெட்டியோடு தெருவிலிருந்து வருகிறாள். பின்னால் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர், ஆளுக்கொரு தூக்குவாளி. எல்லாம் லீலாபாய் விடியற்காலையில் எழுந்து சமைத்ததாம். அடுக்களை வழியாக வெளியே எடுத்துப் போய், தெருவைச் சுற்றி, முன்வாசல் வழியாக என் பேரில் கொண்டுவருகிறார்கள்.

லீலாபாய் வாசலில் நின்று தங்கையைப் பார்த்து, என் பேரையே சொல்லி, "வாருங்க வாருங்க, றோஸ்லின் வீட்டு ஆளுக வந்தாச்சு" என்றாள். "ஏன் இவ்வளவு லேட்டு? பொண்ணு பசியோட இருக்கா" என்று அதட்டல் வேறு. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே துணி துவைக்கிற அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். போன பண்டிகையன்று எழுதியதற்கு என்னை மன்னியும் ஆண்டவரே.

அதிரசம் கொஞ்சம் கருகித்தான் இருந்தது. வீடியோவிலேயே தெரிந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

மார்ச் 26, வியாழன்

பெனிட்டாவுக்குப் பிரஷர் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறதே! நாளைக்கே ஆபரேஷன் ஆனாலும் ஆகலாம் என்கிறார் ஷிபின். "நல்ல தனியார் ஆஸ்பத்திரிக்கு மாத்துங்க, பணம் நான் அனுப்புதேன்" என்றேன். "மாமி, இங்கதான் ரெத்தம், குழந்தைக்குத் தனி வார்டு எல்லாம் இருக்கு. தனியார்லருந்தே இங்கதான் அனுப்புதாவ" என்றார்.

மேனேஜரிடம் போய் நின்றேன். என்ன பேசினேன் என்றே நினைவில்லை. தமிழிலும் கொஞ்சம் பேசியிருப்பேன். லீவை இப்போதே எடுத்துக்கொள், ஆனால் அதே இரண்டு வாரம்தான் என்றார். டிக்கெட் மாற்றுவதற்குத் தண்டம் அழ வேண்டியிருந்தது. ஷைனி தன் கார்டைத் தேய்த்துவிட்டு, "சேச்சி, போய் வா" என்று பெட்டியைக் கட்டினாள். என் ஷிப்டில் பாதியை அவளே பார்க்கிறாளாம்.

மார்ச் 27, வெள்ளி

தோஹா விமான நிலையம். பெண்பிள்ளை. ஆபரேஷன்தான். இரண்டு பேரும் சுகம் என்று ஷிபின் செய்தி அனுப்பியிருக்கிறார். போட்டோ இன்னும் இறங்கவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அரபுப் பெண்ணின் கையைப் பிடித்து 'என் மகள், என் மகள்' என்றேன். அவளும் என்னவோ சொல்லி என் தோளைத் தட்டினாள்.

மார்ச் 28, சனி

திருவனந்தபுரத்தில் இறங்கி, டாக்சியில் நேரே ஆஸ்பத்திரி. பெட்டியோடு உள்ளே ஓடினேன். பிரசவ வார்டு வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"அம்மா, பாஸ் எங்க?"

"என்ன பாஸ்? உள்ள எனக்க மவ இருக்கா."

"ஒரு நோயாளிக்கு ஒரு ஆளு. போர்டு பாக்கலியா? உங்க ஆளு உள்ள இருக்காவ. மத்தவங்களுக்குப் பார்வையாளர் நேரம் நாலு மணிக்கு."

"நான் அவளுக்க அம்மா!"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுதாவ. நேத்து ஒரே பொண்ணுக்கு மூணு அம்மா வந்தாவ" என்றார். பெட்டியில் தொங்கிய விமானச் சீட்டைப் பார்த்தார். "நீங்க வெளிநாடா? இங்க உள்ளவங்க இல்லியா?"

நீலச் சட்டைப் பெண் கேட்டபோதாவது ஒரு பதில் இருந்தது. இங்கே ஒரு முகவரி கூட இல்லை எனக்கு. அவர் மேல் கோபமும் வரவில்லை. அவருக்குப் பின்னால் அத்தனை கூட்டம், அத்தனை பச்சைப்பிள்ளைகள். எல்லாரையும் விட்டால் கிருமி வந்துவிடாதா?

ஓரமாகப் படியில் பெட்டிமேல் உட்கார்ந்தேன். மணி பதினொன்றுதான். உள்ளே எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. நம்முடையதாக இருக்குமோ என்று எழுந்து நின்றேன். இன்னொன்று அழுதது. அதற்கும் எழுந்தேன்.

ஷிபின் மருந்து வாங்கப் போயிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் லீலாபாய் படியிறங்கி வந்தாள். நேரில் பார்த்து மூன்று வருடம் ஆயிற்று, போனில் தெரிவதைவிட மெலிந்திருக்கிறாள். சேலை கசங்கி, தலை கலைந்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்தே இருந்த முகம். கழுத்தில் கயிற்றில் பாஸ்.

அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். கயிறு என் கொண்டையில் சிக்கியது. எடுத்துவிட்டாள்.

"ரெண்டு நாளு உனக்க பிள்ளைய நான் பாத்தாச்சு. இனி நீ பாரு. நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு நாலு மணிக்கு வாறேன்."

முதல் தடவையாக என்னை 'நீ' என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவே தோன்றவில்லை.

"போ, போ. பால் குடிக்கத் தெரியாம முழிக்குது உனக்க பேத்தி. அவ அம்மைக்கும் தெரியல" என்று தள்ளிவிட்டாள்.

உள்ளே வரிசையாகக் கட்டில்கள். திரை எதுவும் இல்லை. ஜன்னல் பக்கத்தில் என் பிள்ளை. "எம்மா" என்றாள். மூன்று வருடமாகப் போனில் கேட்ட எம்மா இல்லை, இது. அவள் நெற்றியைத் தொட்டேன். சூடாக, வேர்வையாக இருந்தது. துணிக்குள்ளே இருந்தது ஒன்று கண்ணைத் திறக்காமலே கொட்டாவி விட்டது.

நாலு மணிக்குப் பார்வையாளர் கூட்டம் திமுதிமுவென்று வந்தது. கடைசியாக லீலாபாய், குளித்து வெள்ளைச் சேலை உடுத்தி, கஞ்சித் தூக்கோடு. நான் எழுந்து கட்டிலடியில் இருந்த ஒரே ஸ்டூலை அவளுக்கு இழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கும் ஒரு பைசா கேட்கவில்லை. நான் இவர்களைப் பேசிய பேச்சுக்கு நாக்கை வேம்பால் கழுவ வேண்டும்.

வேது வைத்து, மூலிகைத் தண்ணீரில் பெனிட்டாவை நானே குளிப்பாட்டினேன், லீலாபாய் தண்ணீர் விளாவித் தந்தாள். தலைக்கு எண்ணெயும் வைத்தேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

திருவனந்தபுரம் விமான நிலையம். புறப்படும்போது வீட்டு வாசலில் பெனிட்டா பிள்ளையோடு நின்றாள். "அழாண்டாம்மா" என்று சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள். நான் டாக்சி திரும்பும்வரை அழவில்லை. திரும்பியபிறகு களியக்காவிளை வரைக்கும் அழுதேன். டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டார்.

சோதனை வாயிலில் என்னை நிறுத்தினார்கள். கழுத்தில் சேலைக்கு உள்ளே என்னவோ இருக்கிறது, எடுத்துக் காட்டச் சொன்னாள் ஒரு பெண். எடுத்தேன். ஆஸ்பத்திரி பாஸ். ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். தொலைந்துவிட்டது போல என்று லீலாபாயிடம் சொல்லிவைத்திருந்தேன். அவள் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, என் பெட்டியைக் கட்டப் போய்விட்டாள்.

"என்ன இது?" என்றாள் அந்தப் பெண்.

"ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்னு தருவாவ" என்றேன். "எனக்க பிள்ளைக்கு அந்த ஆளு நான்."

அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாள். மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டேன்.